அண்ணிக்குக் கட்டிய மூன்று பார்சல்

என் ஆசை அண்ணிக்கு,

எங்கே இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொஞ்சம் உட்கார். நிறையச் சேதி இருக்கிறது. நல்ல சேதியும் இருக்கிறது, நீ என் காதைத் திருக வேண்டிய சேதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம் போல இருக்கிறது எனக்கு. ஆனால் உனக்குத்தான் எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே. நடுவில் ஆரம்பித்தால் "இருமே, மொதல்லேர்ந்து சொல்லு" என்று கையைப் பிடித்து நிறுத்துவாய். சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

அண்ணியைப் போய் 'நீ' என்று எழுதுகிறாளே என்று படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் நான் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். தெருமுனை தாண்டிவிட்டால் 'வா, போ'. நீ போட்ட சட்டம்தானே அது? "வெளிய வந்தா நாத்தனாரும் கிடையாது, அண்ணியும் கிடையாது. ரெண்டு பேரும் கூட்டாளிங்க" என்றாய். எந்த ஊரில் நாத்தனாரும் அண்ணியும் இப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அருப்புக்கோட்டையில் யாரும் நம்பவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறவள். கோடை விடுமுறைக்கு ஒரு தடவை, காலாண்டு விடுமுறைக்கு ஒரு தடவை, ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவேன். மெட்ராஸுக்குப் போய் என்னவெல்லாம் பார்த்தாய் என்று ஊரில் கேட்பார்கள். என்னத்தைச் சொல்ல? வேலையில் சேர்ந்த இந்தப் பதினேழு வருடத்தில் நான் கடற்கரையைப் பார்த்தது இரண்டு தடவை. மிச்சம் பார்த்ததெல்லாம் தட்டில் இருந்தது.

அதையும் திருட்டுத்தனமாகத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் அறை எடுத்துத் தங்கி, கண்ட மெஸ்ஸிலும் சாப்பிட்டு, மஞ்சள் காமாலையில் விழுந்தார். பிறகு பருத்திப்பட்டில் உங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்து, உங்கள் வீட்டுக் கஞ்சியில் தேறி, கடைசியில் வீட்டுக்காரர் மகளையே கட்டிக்கொண்டார். கடைத்தீனி இனி வாசப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவர், ஒரு பன் பாக்கெட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. ஆவடி மார்க்கெட்டில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தின்றே வளர்ந்த பெண்ணிடம் போய் இந்தச் சட்டத்தைப் போட்டாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஃபால்ஸ் அடிக்கக் குடுக்கணும், நானும் அமுதாவும் போய்ட்டு வரோம்" என்று நீ அண்ணனிடம் சொல்வாய். பையில் ஒரு பச்சைப் புடவை. அதே புடவை பல வருடம் வந்தது. ஒரு புடவைக்கு எத்தனை தடவை ஃபால்ஸ் அடிப்பார்கள் என்று அந்த மனுஷர் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆவடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மல்லிகா அக்காவின் பஜ்ஜிக் கடைதான் எப்போதும் முதல். மிளகாய் பஜ்ஜியைக் கீறி, வெங்காயத்தைத் திணித்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார். ஒரு தட்டு வாங்கி இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிடுவோம். பெஞ்சைப் பார்த்து நான் நகர்ந்தால் "குந்துனா நேரமாய்டும், அப்பால மத்த கடைங்களுக்கு எப்போ போறது?" என்று இழுப்பாய்.

அடுத்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தோ. பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தின் வண்டி. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். முதல் தடவை பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, சேமியாவுக்குச் சாயம் போட்ட மாதிரி இருக்கு" என்றேன். "துன்னுட்டு பேசு" என்றாய். தின்ற பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

பெண்களுக்குப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்று ஆனதும் நம் எல்லை பூந்தமல்லி வரைக்கும் விரிந்துவிட்டது. அங்கே பாய் கடைப் பிரியாணி. தேக்சாப் பாத்திரத்தின் அடியில், லேசாகத் தீய்ந்து, மசாலா எல்லாம் இறங்கிக் கிடக்கும் சோறுதான் உனக்கு வேண்டும். மேல்சோறு எனக்கு. பிறகு ஏழரைக்குள் வீடு. அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாத மாதிரி இன்னொரு முழுச் சாப்பாடு. "அமுதா, இன்னொரு தோசை போடட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பாயே, அதற்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

போன தடவை பாய் கடையில் நின்றபோதுதான் திடீரென்று என் கையைப் பிடித்தாய். "நான் செத்தாலும் இத்த உங்கண்ணன்கிட்ட சொல்லக் கூடாது. பிரியாணி மேல கை வெச்சு சத்தியம் பண்ணு." நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன். விரல் சுட்டது. அதற்கு அடுத்த மாதமே, போன ஐப்பசியில், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டாய். விளையாட்டுக்குச் செய்த சத்தியம் என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கோடைக்கு வந்தேன் அண்ணி. நீ இல்லாத வீட்டுக்கு, விடுமுறை என்று சொல்லிக்கொண்டு. உன் மகன் ஓசூரிலிருந்து தினமும் போன் பண்ணுகிறான், சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறான், அண்ணனும் ஆச்சு என்கிறார். ஆவதாவது. காலையில் வைக்கும் ரசத்தையே மூன்று வேளையும் ஊற்றிக்கொள்கிறார். அதிலும் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். சட்டை எல்லாம் தோளில் தொங்குகிறது.

இரண்டாவது நாள் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "இருபத்திரண்டு வருசம் தாயி. ஒரு நாள், ஒரு ஓட்டலுக்கு அவளைக் கூட்டிட்டுப் போகல. ஒரு ருசி காட்டல. அடுப்படியிலேயே நிறுத்தி வச்சு, அடுப்படியிலேயே அனுப்பிட்டேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். அவர் நோவுக்கு மருந்து என் வாயில் இருக்கிறது, வாயோ சத்தியத்தால் தைத்துக் கிடக்கிறது. அண்ணி ஒன்றும் அடுப்படியிலேயே கிடக்கவில்லை அண்ணே, ஆவடியையும் பூந்தமல்லியையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்கள் என்று கத்தலாம் போல இருந்தது. ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஃபால்ஸ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது, கவனமாகக் கேள்.

மல்லிகா அக்கா கடையில் இப்போது போனைக் காட்டிக் காசு கொடுக்க அட்டை மாட்டியிருக்கிறார்கள். காசு விழுந்துவிட்டது என்று ஒரு பெட்டி சத்தமாகச் சொல்கிறது. பெட்டி பேசும்போதெல்லாம் அக்கா அதற்கு "சரிடீ" என்று பதில் சொல்கிறார். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். என்னைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்திவிட்டார்.

"இன்னாமே, ஒண்டியா வந்துகீற? உங்கண்ணி எங்க?"

சொல்லத்தான் நினைத்தேன். அவருக்கு நம் பேர் தெரியாது, வீடு தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் கொதிக்கிறது, சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள், அக்கா முகமெல்லாம் சிரிப்பு. என் வாய் தானாக, "முட்டி வலிக்கா, வீட்ல இருக்காங்க" என்றது.

"அதான் இம்மா நாளா காணோமா? நானும் யார கேக்கறதுன்னு பாத்துகினு கீறேன். இரு, சூடா நாலு போட்டுத் தரேன், எடுத்துகினு போய் அவுங்களுக்குக் குடு. காரம் தூக்கலா கீதுன்னு சொல்லு."

பார்சலை வாங்கிப் பையில் வைத்தேன். அத்தோ வண்டி இப்போது மின்விசிறியும் பலகையும் வைத்த கடையாகிவிட்டது. அங்கே போனால் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். "இன்னாக்கா, பார்ட்னர் வர்ல?" இந்தத் தடவை பொய் தடுமாறாமல் வந்தது. முட்டி வலி, ஆனால் இப்போது பரவாயில்லை, வீட்டுக்குள் நடக்கிறார்கள் என்றேன். "அவுங்களுக்குப் பூண்டு எண்ண ஜாஸ்தி, வெங்காயம் கம்மி, தெரியும்" என்று அவரே பிசைந்து, சூப்பைத் தனியாகக் கட்டி, என் கையில் திணித்தார்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பாய் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் நான் இரண்டு தடவை சுற்றிவிட்டேன். பாய் கேட்டதும், "அடுத்த தடவை கண்டிப்பா வந்துடுவாங்க பாய்" என்று சொல்லிவிட்டேன். என் பொய்யில் நீ கடைக்குக் கடை குணமாகிக்கொண்டே வந்தாய் அண்ணி. எனக்கும் அப்படியே இருந்தது. நீ வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாய், நான் வாங்கிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான். எத்தனை சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாய் தேக்சாவுக்குள் குனிந்து அடிச் சோற்றைச் சுரண்டி எடுத்து, "அம்மாவுக்கு இதான் புடிக்கும்" என்று கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பேருந்தில் மூன்று பார்சலும் மடியில் இருந்தன. அப்போதுதான் உறைத்தது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்? உனக்கென்று சொல்லிக் கட்டியதை நான் பிரித்துத் தின்ன முடியுமா? குப்பையில் போட மனசு வருமா? வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடியுமா? அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிரியாணி வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். "என்ன வாசனை?" என்றார்.

உன் சத்தியத்தை அங்கேயே உடைத்துவிட்டேன். திட்டு வாங்க வேண்டிய சேதி இதுதான். வாசப்படிக்கு வெளியே நின்றபடியே பஜ்ஜி, அத்தோ, பிரியாணி, புடவை, இன்றைக்கு மூன்று கடையிலும் நான் சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை வருசமா?"

"பதினேழு."

"வந்து என்கூடவும் சாப்பிட்டீங்களே."

"அதையும் சாப்பிட்டோம்ணே."

"அவளுக்குச் செரிக்கலன்னு ராத்திரி இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தேனே, அதெல்லாம்?"

"அதெல்லாம் இதுதான்."

அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, படியில் உட்கார்ந்துவிட்டார். "பதினாறாம் நாள் அவ படத்துக்கு முன்னால கேசரி வச்சுப் படைச்சேன். ஆசையா சாப்பிடுவான்னு."

போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைப்பார்கள்? அன்றைக்கு அண்ணனே நின்று கிண்டிய கேசரி அது. நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இப்போது மறைக்க முடியவில்லை. "அவங்களுக்கு இனிப்பே பிடிக்காதுண்ணே. உங்களுக்குப் பிடிக்கும்னுதான் செய்வாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லது செய்வதாக நினைத்து இன்னும் ஆழமாகக் குத்திவிட்டேனோ என்று பயந்தேன். உன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டேன் என்று இனிமேல் புதிதாக அழுவாரோ? வந்த மூன்றாம் நாளே இது எனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு தலை நிமிர்ந்து, "இதுல நீ வாய் வச்சியா?" என்றார்.

"பிரிக்கவே இல்லண்ணே. மூணும் அவங்களுக்குன்னு சொல்லிக் கட்டினது."

"அப்போ படைக்கலாம்" என்றார்.

அமாவாசைகூட இல்லை அண்ணி, சாதாரண வியாழக்கிழமை. கால் கழுவிவிட்டு வந்தார். கொல்லையில் இலை அறுத்தார். உன் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி இலையைப் போட்டு, பையை அவரே தன் கையால் உள்ளே எடுத்துப்போனார். எந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது என்றாரோ, அதே வாசப்படி வழியாகத்தான். நூலைப் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடிக்கப் போய், எச்சில் பட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டு கத்திரிக்கோல் தேடினார். "எதை முதல்ல வைக்கணும்?" என்று என்னைக் கேட்டார். பஜ்ஜி, அப்புறம் அத்தோ, பிரியாணி கடைசியில் என்றேன். அதே வரிசையில் வைத்தார்.

சூடம் காட்டிவிட்டு, நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவை ஒருக்களித்துவிட்டு இருவரும் வெளியே நின்றோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. நின்றுகொண்டா சாப்பிடுவீர்கள்? சிரிப்பாளா? யார் கடைசி வாய்? பஜ்ஜிக் காரத்தில் உனக்கு மூக்கு ஒழுகும், முந்தானையில் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்பாய் என்றேன். அத்தோ சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பாய் என்றேன். அடிச் சோற்றுக்காகப் பாயிடம் சண்டை போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து வாங்கினாயே, அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்றார். ஊருக்குப் போய்விட்டு வந்தவளைப் பற்றிக் கேட்பது போல இருந்தது.

பிறகு உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஜ்ஜிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அத்தோவைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன நூல் நூலா" என்றார். "துன்னுட்டு பேசுங்கண்ணே" என்று என் வாயில் வந்துவிட்டது. அடிச் சோற்றை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கையைக் கழுவாமல் உன் படத்தையே பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருந்திருக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

நான் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். பின்னால் ஒரே பேருந்துச் சத்தம்.

"தாயி, வேலை விட்டு வரேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல ஒரு போண்டாக் கடை முன்னால நிக்கிறேன். ரெண்டு பேரும் இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லண்ணே. அந்தப் பக்கம் நாங்க வந்ததே இல்ல."

"மிளகுக் காரம் தூக்கலா இருக்கு. சட்னியில பூண்டு போட்டிருக்கான்." வாயில் போண்டாவோடுதான் பேசினார். "அவளுக்கு இது பிடிச்சிருக்கும்."

கேட்டாயா அண்ணி? உனக்கு என்ன பிடிக்கும் என்று அவர் எனக்குச் சொல்கிறார்.

ஐப்பசியில் உன் வருஷ திதிக்கு வருகிறேன். நீ இல்லை என்பதை மல்லிகா அக்காவுக்கும் அத்தோக் கடைக்காரருக்கும் பாய்க்கும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் என்ன சொல்வார்களோ, பயமாகத்தான் இருக்கிறது. அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு உன்னை நாங்கள் இருவருமாக நீ சாப்பிட்டே இராத அந்தப் போண்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். இது நான் எதன் மேலும் கை வைக்காமல் செய்யும் சத்தியம், இதை உடைக்க மாட்டேன்.

உன் ஒரே நாத்தனார்,
அமுதா